வந்தவர் கணக்கு, வராதவர் கணக்கு

மதுரைப் பக்கம் யாரிடமாவது ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ என்று முழுப் பெயரையும் சொல்லிப் பாருங்கள், ஒரு நொடி முழிப்பார்கள். ‘கலைஞர் காப்பீடு’ என்றால் உடனே புரியும். ஆட்சி மாறி, அட்டை மாறி, தொகை மாறி, 2009-இல் வந்த முதல் பெயர் மட்டும் ஜனங்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது. 2012 ஜனவரியில் திட்டம் இப்போதைய பெயருக்கு வந்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம், சில பெரிய சிகிச்சைகளுக்கு ரூ.1.5 லட்சம். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த பிறகு அது ரூ.5 லட்சம் ஆனது. ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000-ஆக இருந்தது, 2022-இல் ரூ.1.20 லட்சத்துக்கு உயர்ந்தது. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. அப்போதைய கணக்கில் சுமார் 1.37 கோடிக் குடும்பங்கள் இதில் இருந்தன.

இவ்வளவு பெரிய திட்டம் சரியாக வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? தணிக்கைத் துறை ரசீதைப் பார்க்கும். காப்பீட்டு நிறுவனம் பொய்க் கணக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கும். இந்த அட்டையால் எத்தனை பேர் உயிர் பிழைத்தார்கள், எத்தனை குடும்பம் வட்டிக்கு வாங்காமல் தப்பித்தது, அட்டை இருந்தும் வராதவர்கள் யார் என்ற கேள்விகள் இவர்கள் இருவர் வேலையிலும் சேராது. அந்த இடத்துக்குத்தான் பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது. கேள்வி பொதுவாகத் தெரியலாம். எனக்கு அது எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மாமாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கீழ்த்தளத்தில் காப்பீட்டு கவுண்டர், கையில் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார். முன் அனுமதிக்கு அனுப்பினார்கள், மறுநாள் ‘அப்ரூவல்’ வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள், மாமா நடந்தே வீட்டுக்கு வந்தார். நடுவில் ஒரு சின்ன விஷயம்: “சில டெஸ்டும் மருந்தும் பேக்கேஜ்ல வராது” என்று ரூ.18,000 தனியாகக் கேட்டார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டு யார் வாதாடுவது? அத்தையின் வளையல் அடகுக்குப் போனது.

இப்போது அரசின் கணினியில் என் மாமாவைத் தேடினால் என்ன இருக்கும்? சேர்ந்த தேதி, சிகிச்சையின் குறியீடு, அனுமதித்த தொகை, மருத்துவமனைக்குப் பணம் போன தேதி. பைசா செலவில்லாமல் முடிந்த சிகிச்சை. வளையல் அதில் இல்லை.

இந்தத் திட்டங்களின் முதுகெலும்பு ‘பேக்கேஜ்’ என்கிற தொகுப்புக் கட்டணம். இந்த அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, அந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவு செய்த ஒரே தொகை. படுக்கை, மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். தொகையைக் குறைவாக வைத்தால் மருத்துவமனை நோயாளியைத் தட்டிக்கழிக்கும், அல்லது எங்களிடம் கேட்ட மாதிரி கையில் வாங்கும். அதிகமாக வைத்தால் தேவையில்லாதவருக்கும் கத்தி வைக்கும். அப்படியானால் சரியான தொகை எது? வெகு காலம் அதை மருத்துவமனைச் சங்கங்களோடு பேரம் பேசியும், பக்கத்து மாநிலப் பட்டியலைப் பார்த்தும்தான் முடிவு செய்தார்கள். காய்கறிச் சந்தையில் விலை படிவதுபோல.

இதை மாற்றியதில் சண்டிகரில் இருக்கும் பி.ஜி.ஐ. மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பேராசிரியர் சங்கர் பிரிஞ்சா தலைமையில் அவர்கள் பல மாநில மருத்துவமனைகளில் உட்கார்ந்து உண்மையான அடக்கவிலையைக் கணக்கெடுத்தார்கள். ஒரு சிகிச்சைக்கு எத்தனை மணி நேரம் அறுவை அரங்கம், எத்தனை செவிலியர், கருவியின் தேய்மானம் எவ்வளவு, துணி வெளுப்பதற்கு எவ்வளவு என்று பொறுமை வேண்டிய வேலை. ஆயுஷ்மான் பாரத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம் பேக்கேஜ் தொகைகளைத் திருத்தியபோது அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டது. 2017-இல் மத்திய சுகாதார ஆய்வுத் துறை ஓர் அமைப்பையும் உண்டாக்கியது: எந்தச் சிகிச்சை கொடுக்கும் பணத்துக்குத் தகும் என்று மதிப்பிட, நாடெங்கும் ஆய்வு நிறுவனங்களை மையங்களாகச் சேர்த்தார்கள். சண்டிகர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை, சென்னைக் காசநோய் ஆய்வு நிறுவனம் எல்லாம் அந்த வலையில் இருக்கின்றன.

அந்த அமைப்பு முதலில் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று கண்புரை. மதுரைக்காரனுக்கு இங்கே கொஞ்சம் பெருமை வரும், மன்னிக்கவும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊர். அவர்களுடைய ஆரோலேப் 1992 முதல் இங்கேயே விழிலென்ஸ் செய்கிறது. அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸை ஏழைக்கு வைப்பது கனவு. கண்புரையில் ஒரு நிஜமான வாக்குவாதம் உண்டு. பாக்கோ என்ற கருவியால் புரையை உடைத்து எடுத்து, மடங்கும் லென்ஸ் வைப்பது ஒரு வழி. கருவியின் விலை அதிகம். சின்னக் கீறல் போட்டு, தையல் இல்லாமல் புரையை எடுத்து, மடங்காத லென்ஸ் வைப்பது இன்னொரு வழி. பார்வை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் திரும்புகிறது. அப்படியானால் பொதுப் பணத்தில் எதற்குக் கொடுப்பது? 2004-இலேயே அரவிந்தின் சொந்தக் கணக்கேடுகளை வைத்து இந்த முறைகளின் அடக்கவிலையை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்துவிட்டது. பாக்கோதான் செலவு கூடியது. பிறகு வந்த தேசிய மதிப்பீடும், சின்னக் கீறலும் மடங்காத லென்ஸுமே கொடுக்கும் காசுக்கு அதிகப் பலன் என்றது. மதுரை அண்ணாநகர்ப் பக்கம் கண் காட்ட வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு அறுவைக்குச் சில நூறு ரூபாய் வித்தியாசம் என்றாலே மொத்தத்தில் அது என்ன தொகையாகும் என்று. மருத்துவமனை தன் கணக்கை ஒளிக்காமல் ஆய்வாளரிடம் திறந்து காட்டியதால்தான் இப்படி ஒரு ஒப்பீடு முடிந்தது. எல்லா மருத்துவமனையும் அப்படித் திறக்காது.

கட்டணம் ஒரு பக்கம். காப்பீட்டால் பலன் உண்டா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. அட்டை வைத்திருப்பவரையும் இல்லாதவரையும் சும்மா ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அட்டை இருப்பவர் ஏழை, இல்லாதவர் வசதியானவர். வித்தியாசம் அட்டையாலா, வசதியாலா? நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் திட்டம் எப்படிப் பரவுகிறது என்பதிலேயே அதற்கான வழி இருக்கவேண்டும். கர்நாடகத்தில் வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ திட்டம் முதலில் மாநிலத்தின் வடபகுதிக்கு மட்டும் வந்தது. எல்லைக் கோட்டுக்கு வடக்கே 300 கிராமங்கள், தெற்கே 272 கிராமங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜனங்கள், ஒரே மாதிரி நிலம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு பக்கமும் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். 2014-இல் வந்த முடிவின்படி, திட்டத்தில் அடங்கும் இதயநோய், புற்றுநோய் போன்றவற்றால் நேர்ந்த இறப்பு தெற்கே 0.90 சதவீதம், வடக்கே 0.32 சதவீதம். திட்டத்தில் அடங்காத நோய்களில் வித்தியாசமே இல்லை. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வரிதான் முதல் வரியை நம்பவைக்கிறது. வடக்கில் ஜனங்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்களாக இருந்திருந்தால் எல்லா நோயிலும் இறப்பு குறைந்திருக்கும்.

அதே கர்நாடகத்தில், வேறொரு திட்டத்தை வைத்து, இதற்கு நேர் எதிரான பாடமும் கிடைத்தது. மத்திய அரசின் பழைய ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா திட்டத்தில் 10,879 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு இலவசமாக, சிலருக்குக் காசு கொடுத்து வாங்கும் வாய்ப்பாக, சிலருக்கு ஒன்றுமில்லை. மூன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால் உடல்நலத்தில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. ஏன்? அட்டையைப் பயன்படுத்த முயன்ற நிறையப் பேருக்கு அது வேலை செய்யவில்லை. சிலர் அட்டையைக் கொண்டுபோக மறந்தார்கள், சிலருக்கு எங்கே எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை, சில இடத்தில் மருத்துவமனையே ஏற்கவில்லை. இது ஏட்டில் ஏறாத செய்தி. வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்.

ராஜஸ்தானில் ராதிகா ஜெயினும் பாஸ்கலின் டுபாவும் செய்த வேலை எனக்கு மாமாவை ஞாபகப்படுத்தியது. மருத்துவமனைகள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகள் பதிவாகும் மாநிலக் காப்பீட்டு ஏட்டை அவர்கள் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். அதோடு நிற்காமல் நோயாளிகளுக்குப் போன் போட்டு, கையிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். இலவசம் என்று எழுதப்பட்ட சிகிச்சைக்கு நிறைய இடத்தில் காசு வாங்கப்பட்டிருந்தது. அரசு பேக்கேஜ் தொகையை உயர்த்தியபோது நோயாளியிடம் வாங்குவது குறைந்தது, ஆனால் உயர்த்திய அளவுக்குக் குறையவில்லை. அப்புறம் அதே ஏட்டை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். சிறுமிகளும் வயதான பெண்களும் ஆண்களைவிடக் குறைவாகவே மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். பணம் வாங்காத திட்டம்தானே, அப்படியும் ஏன்? பஸ் செலவு, உடன் போக ஆள், வீட்டில் சமையல், ‘பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்ற பேச்சு.

எங்கள் அத்தைக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. நடுவில் வயிற்றுக்கோளாறு வேறு. “அட்டையில எம் பேரும் இருக்குல்லப்பா? இருக்கட்டும். நான் போயி செலவழிச்சுட்டா மாமாவுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா என்ன செய்யிறது?” என்றார் ஒரு நாள். ரூ.5 லட்சம் குடும்பத்துக்கே மொத்தம் என்பது சரிதான். ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உண்டியல் காசு மாதிரி ஒரே தடவை கொடுத்தது என்று நினைத்து, கணவருக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

சரி, அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேலை செய்வது எப்படி இருக்கும்? உலகத்தில் சில மாதிரிகள் பழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்எய்ட் திட்டம் 1965-இல் வந்தது. அதை மாநிலங்கள் நடத்துகின்றன. மேரிலாந்து மாநிலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ஹில்டாப் என்ற நிலையம் 1994 முதல் அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்த்துச் சொல்லிவருகிறது. அதிகாரி மாறுவார், ஆளுநர் மாறுவார், கணக்குத் தெரிந்த ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். இன்னொரு வழி, பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்த வலை. அவரவர் மாநில ஏடு அவரவரிடமே இருக்கும், நோயாளியின் விவரம் எல்லை தாண்டாது. ஒரே கேள்விக்கு ஒரே கணினி நிரலை எல்லோரும் ஓட்டி, விடையை மட்டும் பகிர்ந்துகொள்வார்கள். போதை மருந்துக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்று 11 மாநிலங்களை இப்படி ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ஏட்டைப் பூட்டி வைக்கும் துறைகளுக்கு இதைச் சொல்லலாம்.

ஒரிகான் மாநிலம் 2008-இல் செய்தது தற்செயலான புத்திசாலித்தனம். மெடிக்எய்டில் புதிதாக ஆள் சேர்த்துக்கொள்ளப் பணம் கொஞ்சம்தான், விண்ணப்பித்தவர்கள் சுமார் 90,000 பேர். குலுக்கல் போட்டார்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உடனே உள்ளே வந்து, சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டில் கடன் தொல்லை நன்றாகக் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கணக்கில் நிற்கும் மாற்றம் இல்லை. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் குறைவார்கள் என்று பலர் நம்பியிருந்தார்கள், அந்த வருகை 40 சதவீதம் கூடியது. ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இதில் ஆளுக்கொரு வரி கிடைத்தது. முடிவு யாருக்கும் முழுசாக இனிக்கவில்லை, ஆனாலும் எல்லாம் வெளியே வந்தது. ‘சாதகமாக வந்தால் மட்டும் வெளியிடலாம்’ என்ற நிபந்தனையோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஆய்வு என்று பெயர் வைக்க முடியாது, அது விளம்பரம்.

தாய்லாந்தில் எல்லோருக்கும் சிகிச்சை என்ற ‘30 பாட்’ திட்டம் 2001, 2002 வாக்கில் வந்தது. எந்தச் சிகிச்சை அதில் சேரலாம் என்று மதிப்பிட 2007-இல் ஹைடாப் என்ற ஆய்வு அமைப்பு உண்டானது. டயாலிசிஸ் விஷயத்தில் கணக்குப் போட்டபோது, நாட்டின் வரம்புப்படி அது கொடுக்கும் பணத்துக்குத் தகாது என்றுதான் விடை வந்தது. இருந்தும் 2008-இல் அரசு அதைச் சேர்த்தது. சிறுநீரகம் போன குடும்பம் வீடு நிலத்தை விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது காரணம். செலவை அடக்க, வீட்டிலேயே வயிற்றுவழி செய்யும் டயாலிசிஸை முதலில் கொடுப்போம் என்று வைத்தார்கள். 2022-இல் அதையும் தளர்த்தி, நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கணக்கு ஒன்றைச் சொல்லும், அரசு வேறு ஒன்றை முடிவு செய்யலாம். ஏன் அப்படிச் செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்ததே அந்தக் கணக்கின் லாபம்.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. 2014-இலிருந்து, அரசுத் திட்டங்களுக்குப் பலன் உண்டா என்று சோதிக்கும் ஜே-பால் ஆய்வகத்தோடு அரசுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. மதுரையிலிருந்து திருச்சி போகும் வழியில் இருக்கும் விராலிமலை உட்பட மூன்று வட்டாரங்களில் 2017-இல் அனைவருக்கும் சிகிச்சை என்ற முன்னோட்டத்தை அரசு நடத்தியது. துணை சுகாதார நிலையத்தில் ஆளும் மருந்தும் கூட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் முரளீதரன் குழு அதை மதிப்பிட்டது. சின்னக் காய்ச்சலுக்கும் தனியாரிடம் போனவர்களில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே பார்க்கத் தொடங்கினார்கள்.

2020-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை மாநிலம் முழுக்க ஓர் ஆய்வெடுத்தது. ரத்தக்கொதிப்பு இருப்பவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். நூற்றுக்கு ஏழு பேர்! அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன. காப்பீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இன்று கட்டுப்படாத கொதிப்புதான் பத்து வருடம் கழித்து ஸ்டென்டும் டயாலிசிஸுமாகக் காப்பீட்டு ஏட்டில் வந்து உட்காரும். காப்பீடு படுக்கையில் சேர்ந்த பிறகு பார்க்கிறது. மாதாமாதம் மருந்துக்கடையில் கொடுக்கும் காசை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை.

தடைகளும் தெரிந்தவைதான். திட்ட இயக்குநர் ஆர்வமாக ஒப்பந்தம் போடுவார், ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போவார், புதியவர் கோப்பை முதலிலிருந்து படிப்பார். பட்ஜெட்டுக்கு முன் பதினைந்து நாளில் அரசுக்கு விடை வேண்டும், பேராசிரியர் மூன்று வருடம் கேட்பார். கோரிக்கை ஏட்டில் குறியீடுகள் கட்டணத்துக்காக எழுதப்படுகின்றன, நோயை அறிவதற்காக அல்ல. எதற்குத் தொகை கூடுதலோ அந்தக் குறியீட்டுக்குச் சிகிச்சை சாய்வதை ராஜஸ்தான் ஏடே காட்டியிருக்கிறது.

மதுரையில் இதற்கு வேண்டிய எல்லாமே பக்கத்திலேயே கிடக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைக்கும் வருவதால் அங்கேயும் அந்த ஏடு உண்டு. 1954 முதல் மருத்துவக் கல்லூரி. நாகமலைப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகம். கலெக்டர் ஆபீஸில் அட்டை போடும் கவுண்டர். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் என்று ஒன்றுக்கொன்று வேறான ஊர்கள். ஒரு முதுகலை வகுப்பு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன: போன மாதம் வீடு திரும்பிய இருநூறு பேரைக் கூப்பிட்டுக் கையிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்பது, பேரையூர்ப் பெண்கள் எத்தனை பேர் ஏட்டில் இருக்கிறார்கள் என்று ஊர் மக்கள்தொகையோடு வைத்துப் பார்ப்பது, தொகை வருடாவருடம் புதிதாகும் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று விசாரிப்பது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். பெயரை நீக்கிய ஏடும், வந்த முடிவை வெளியிட அனுமதியும் வேண்டும்.

அத்தையின் வீட்டுக்கு இப்போது மாதம் ஒருமுறை மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் வருகிறார். அதே தெருப் பெண்தான். கொதிப்பு பார்த்து, மாத்திரை கொடுத்து, கையிலிருக்கும் கருவியில் எண்ணைப் பதிகிறார். போன முறை நான் இருந்தபோது அத்தை முழங்காலையும் காட்டினார். “இதுக்கு இதுல எடம் இல்லக்கா” என்றார் அந்தப் பெண், திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு.